இறக்கி வைக்க ஓர் இடம்

அண்ணா, நீ பெட்டியைத் தூக்கியபோது உன் வலது தோள் சாயவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். சாக்ஸபோன் உள்ளே இருக்கும்போது அந்தத் தோள் எப்போதும் கொஞ்சம் தாழும். அதைச் சரிக்கட்ட நீ இடது பக்கம் லேசாகச் சரிந்து நடப்பாய். நேற்றுக் காலை திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏற முற்றத்தைத் தாண்டிப் போனபோது நேராக நடந்தாய். அப்பா உனக்கு முன்னால் குடையோடு போனார். நான் வாசலில் பிச்சிப்பூவை மடியில் குவித்து வைத்துக்கொண்டு, கை அசைக்கக்கூட மறந்து, உன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இல்லை, அலமாரிக்குள் இல்லை. பின்பக்கச் சாய்ப்பில், அப்பா ரப்பர் ஷீட் காயப்போடும் மூங்கில்களுக்கு மேலே, அப்பா பெரிய டிரம் அடிக்கும் மாதா கோயில் பேண்டில் நீ போட்ட பழைய சிவப்புக் கோட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாய். ஊதுவாய், அதில் வைக்கும் ரீடுகளின் டப்பா, கழுத்தில் மாட்டும் பட்டை எல்லாம் கோட்டுப் பைகளில் ஒழுங்காக இருந்தன. மறந்துபோய் விட்டுச் சென்றவன் பெட்டியையும் மறந்திருப்பான். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அப்பாவின் கண்ணுக்காகத்தான் தூக்கிக்கொண்டு போகிறான் என்று எனக்குப் புரிந்தது.  

போன வருடம் பெங்களூருக்கு வெளியே அந்த மைதானத்தில் நடந்ததிலிருந்து நீ சரியாக இல்லை. ராக் கேட்க வந்த கூட்டத்துக்கு நடுவில் ஜாஸ் வாசிக்க உங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். இரண்டு பெரிய ராக் குழுக்களுக்கு இடையில் உங்களுக்கு இடம் கொடுத்தார்கள். நீ போவதற்கு முந்தைய நாள் வீட்டில் எப்படி இருந்தாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. சாப்பிடும்போதுகூட விரல்கள் தட்டின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நிகழ்ச்சியின் வீடியோ யார் யார் போனிலோ சுற்றி அப்பாவின் போனுக்கும் வந்தது. நீ கண்ணை மூடி வாசிக்கிறாய். கொஞ்ச நேரத்தில் ஒருவன் கூவுகிறான். பிறகு பலர் கூவுகிறார்கள், அடுத்து வரப்போகும் குழுவின் பெயரைச் சொல்லி. ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து உன் காலடியில் விழுகிறது. நீ பாதியில் நிறுத்தி, பட்டையைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாய். டிரம்ஸ் அடித்த பையன் என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நிற்கிறான். அப்பா அந்த வீடியோவை ஊரெல்லாம் காட்டினார். சாயாக் கடையில் காட்டினார், கோயில் கமிட்டிக்காரர்களிடம் காட்டினார். "பாருங்க, என்ன கூட்டம், என்ன கூப்பாடு! எம் பயலுக்காக்கும்!" என்றார். அவர் அதை ஆரவாரம் என்றே நினைத்துவிட்டார் என்று நான் வெட்கப்பட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவாய். அதற்குப் பிறகு நீ வேலைக்குப் போனாய், வந்தாய், வீட்டுக்கு வரும்போது பெட்டியையும் கொண்டுவந்தாய். ஆனால் திறந்து வாசித்து நான் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் உங்கள் ஐந்து பேரில் ஒருவரான சுனில் அண்ணன் போன் செய்தார். நீ இன்னும் வந்து சேரவில்லையா என்று நான் பயந்துவிட்டேன். நீ வந்துவிட்டாய், ஆனால் சாக்ஸ் வரவில்லை என்றார்.

"தங்கச்சி, ஜெரின் சாக்ஸ் ரிப்பேருன்னு சொல்லுதான். கடையில குடுத்திருக்கானாம். எந்தக் கடைன்னு கேட்டா வாயத் தொறக்கல்ல. ஞாயித்துக்கிழம சாய்ங்காலம் புரோகிராம், இதும் ராக் கேக்க வாற கூட்டம்தான். சாக்ஸ் இல்லாம நாங்க மேடையில ஏறி என்ன செய்ய, பஜனையா? ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"ம்."

"ம்னா தெரியுமா, தெரியாதா?"

"ம்."

"சரியாப் போச்சு. ஒங்கிட்ட கேட்டதுக்கு அந்த சாக்ஸுகிட்டயே கேட்டிருக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். கோபமில்லை, களைப்புதான். போனை வைத்த பிறகு என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு வரிசையாக வந்தது. எப்போதும் அப்படித்தான். பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது டீச்சர் வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டார்கள். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற ஒரு வாக்கியம் அன்றைக்கும் எனக்கு அவர்கள் போன பிறகுதான் வந்தது.

இன்று காலை அப்பா ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தபோது நான் சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஒளித்து வைக்க நேரமில்லை. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இங்கயா கெடக்கு?"

நான் தலையாட்டினேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் மக்ளே. பஸ்ஸுல பெட்டிய ஏத்திவிட்டது நானாக்கும். கனம் தெரியாதா எனக்கு?"

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"பஸ்ஸு நிக்குது, கண்டக்டர் விசிலு ஊதுதான். 'ஏலே, பெட்டி காலியா இருக்கே'ன்னு அங்கன வச்சுக் கேட்டா அவன் அந்தப் பெட்டிக்குள்ளயே ஏறி மூடிக்கிடுவான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. போன வருட வீடியோவைப் பற்றி அப்போதுதான் பேச்செடுத்தேன். அது கைதட்டல் இல்லை, உன்னை இறங்கச் சொல்லித்தான் கூவினார்கள் என்று அவருக்குச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏட்டி, பெரிய டிரம் அடிக்கவனுக்கு ஆளு எதுக்குக் கூவுதுன்னு தெரியாதா? நான் காட்டாம இருந்தா வேற எவனாவது சிரிச்சுக்கிட்டுக் காட்டியிருப்பான். அதான் நான் முந்திக்கிட்டேன். நான் நெஞ்ச நிமித்திக்கிட்டுக் காட்டுனா எவன் சிரிப்பான்?"

உனக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் அத்தனை இடத்திலும் அந்த வீடியோவைத் தெரிந்தே காட்டியிருக்கிறார்.

அவரையே போகச் சொன்னேன். "இன்னைக்குக் கோயில்ல சப்பரம். பெரிய டிரம்மப் போட்டுட்டு நான் எங்க போவ? அது மட்டுமில்ல, நான் போய் நின்னா அவன் எனக்குப் பயந்து ஊதுவான். பயந்து ஊதுனா பிசிறடிக்கும். நீ போ" என்றார். நான் நாகர்கோவிலைத் தாண்டித் தனியாகப் போனதில்லை என்றேன். "தக்கலையில நாகர்கோயில் பஸ்ஸுக்கு நிக்க எடத்துக்கு எதுத்தாப்புல நின்னா திருவனந்தபுரம் பஸ்ஸு. ரோட்டத் தாண்டணும், அவ்வளவுதான்" என்றார். உன்னிடம் எனக்குப் பேச வராது என்றேன். அவர் கையில் ஒட்டிக் காய்ந்திருந்த ரப்பர் பாலை உருட்டி உருட்டி எடுத்தார். "பேச வேண்டாம். எழுதிக் குடு. ஒங்க அம்மை இருந்தா அவனுக்கு என்ன எழுதுவாளோ அத எழுது. அவ சொன்னா அவன் கேப்பான்" என்றார்.

அதனால்தான் உன்னைவிடச் சின்னவளான நான் உனக்குப் புத்தி சொல்லும் கடிதத்தை எழுதுகிறேன். அம்மாவைப் போலவே தொடங்குகிறேன். மக்கா, ஒழுங்காகச் சாப்பிட்டாயா? வெறும் வயிற்றில் ஊதாதே.

அம்மாவாக இருந்து யோசித்தால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நீ முதன்முதலாக நம் கோயில் சப்பரத்துக்கு முன்னால் சாக்ஸ் வாசித்த திருவிழா. சப்பரத்தைத் தோளில் சுமக்கிறவர்கள் பேண்டின் கணக்கில்தான் நடப்பார்கள் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். பாட்டு நடக்கும்வரை சப்பரம் தோளில் இருக்கும், பாட்டு முடிந்தால்தான் முட்டுக்கட்டை கொடுத்து இறக்குவார்கள். தெரு முக்குக்கு முக்கு அப்பா டிரம்மை ஓங்கி அடித்துப் பாட்டை முடித்துக் கொடுப்பார். அன்றைக்கு ஆற்றுப்பாலத்து முக்கில் நீ மாதா பாட்டிலிருந்து கிளம்பி எங்கேயோ போய்விட்டாய். அதுவரை நாங்கள் கேட்காத ஒரு சுற்று. கிளாரினெட் மாமா நிறுத்திவிட்டார், டிரம்பெட் நிறுத்திவிட்டது. அப்பா முடிப்பு அடித்தார், நீ கேட்கவில்லை. மறுபடியும் அடித்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு மேலே மேலே போனாய். சப்பரம் அந்தரத்தில் நின்றது. பூவும் மெழுகுவர்த்தியும் மாதாவுமாக அத்தனை பாரமும் தோளில் இருக்க, சுமக்கிறவர்கள் இறக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் நின்றார்கள். முன்கட்டையில் நின்ற தாசையன் மாமாதான் கத்தினார்: "ஏலே, பாட்ட முடிலே! மாதாவுக்கு ஒண்ணும் இல்ல, எந்தோளுதான் போவுது!"

கூட்டம் சிரித்தது. நீ அதையும் கேட்கவில்லை. அப்போது அம்மா மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்துவிட்டு, பெண்கள் வரிசையை விட்டு வெளியே வந்து, உன் முதுகில் கையை வைத்தாள். அவள் அப்படி எல்லோர் முன்னாலும் நடந்து போய் நான் பார்த்ததே இல்லை. என்னைப் போலத்தான் அவளும். நீ கண்ணைத் திறந்தாய். திறந்த உடனே வாயை எடுத்துவிடவில்லை. அங்கிருந்து இறங்கி இறங்கி மாதா பாட்டின் கடைசி அடிக்கு வந்து சேர்ந்தாய். அப்பா முடிப்பு அடித்தார். சப்பரம் இறங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு அப்பா உன்னோடு பேசவில்லை. நீ கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிமேல் இந்த ஊரில் வாசிக்க மாட்டேன் என்றாய். அம்மா உனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நல்லாத்தான் இருந்து மக்கா. எனக்கு எங்கயோ தூரத்துக்குப் போயிட்டு வந்தது போல இருந்து. ஆனா சொமக்கவன் தோளயும் பாக்கணும். அவன் எறக்கி வைக்க ஒரு எடம் காட்டிக் குடுத்துட்டு நீ எங்க வேணும்னாலும் போ."

அடுத்த வருடம் நீ என்ன செய்தாய்? அந்தச் சுற்றை விட்டுவிடவில்லை. அதே பாலத்து முக்கில் அதே சுற்றை எடுத்தாய். ஆனால் கொஞ்சம் போய்விட்டு, மாதா பாட்டில் ஒரு அடியை வாசித்துக் காட்டினாய். வழி தெரிகிறது, இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்வதுபோல. பிறகு மறுபடியும் போனாய். தாசையன் மாமா தோளில் கட்டையோடு தலையை ஆட்டினார். அதற்கடுத்த வருடம் அவரே, "அந்தப் பாலத்துச் சுத்து உண்டும்லா?" என்று கேட்டார். ஜாஸ் என்ற பேரே அவருக்குத் தெரியாது. நீ எனக்கு விளக்கியதும் அதுதானே? எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டைத் தொடங்குவது, பிறகு ஒருவர் அதைவிட்டு வெளியே போய் அவருக்குத் தோன்றிய வழியில் நடப்பது, மற்றவர்கள் அவருக்காக வழியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அவர் திரும்பி வருவது. நான் பூக் கட்டிக்கொண்டே கேட்டேன். நல்லவேளை, திரும்பி வருவதும் அதில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்தப் பெங்களூர் வீடியோவை நீ ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்திருக்கிறேன், நீ இல்லாத நேரங்களில். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் சிலது கண்ணில் பட்டது. அம்மாவாக இருந்தால் இதைச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவர்கள் வெயிலில் நெடுநேரமாக நிற்கிறார்கள். சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. அவர்களுக்கு முன்னால் வாசித்த குழு அவர்களை எம்பி எம்பிக் குதிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் குதிப்பு இன்னும் அவர்கள் உடம்பில் இருக்கிறது, அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நீ வந்த உடனே கண்ணை மூடிக்கொண்டாய். பாட்டை ஒரு தடவைகூட முழுதாகக் காட்டாமல் நேராக உன் சுற்றுக்குப் போய்விட்டாய். அவர்கள் முட்டாள்கள் இல்லை மக்கா. தாசையன் மாமா கத்தியதைத்தான் அவர்கள் அவர்கள் பாஷையில் கத்தினார்கள். பாட்டில் எறிந்தவனை நான் மன்னிக்கவில்லை. அவன் கை விளங்காமல் போகட்டும் என்றுகூட நினைத்தேன், பிறகு கோயிலில் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் மற்றவர்கள் எறியவில்லை. கேமரா திரும்பும்போது இடது ஓரத்தில் தாடி வைத்த ஒரு தடித்த மனிதர் தெரிகிறார். கறுப்புப் பனியன். அவர் கூவவில்லை. கண்ணை மூடி, தாடையை லேசாகத் தூக்கி, உன்னோடு வந்துகொண்டிருக்கிறார். நீ பாதியில் நிறுத்தியதும் கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்க்கிறார், பஸ்ஸில் தூங்கிவிட்டு இறங்கும் இடம் தெரியாமல் விழிப்பவரைப் போல. உனக்கு அந்தக் கூவல்தான் நினைவிருக்கிறது. எனக்கு அந்த மனிதரின் முகம்தான் நினைவிருக்கிறது. அவரையும் சேர்த்துத்தான் நீ அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனாய்.

எழுதிவிட்டேனே தவிர, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னைத் துணிச்சலாக இரு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் இதைக் கொண்டுவந்து கொடுத்து, நீ மேடையேறி, மறுபடியும் கூவினால் என்ன செய்வது? பாட்டில் இந்தத் தடவை உதட்டில் பட்டால்? வீடியோ மறுபடியும் ஊருக்கு வந்தால், அப்பா மறுபடியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாயாக் கடைக்குப் போக வேண்டுமே. சாக்ஸை மூங்கிலுக்கு மேலேயே வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமோ என்று காலையிலிருந்து எத்தனையோ தடவை தோன்றிவிட்டது. சும்மா இருப்பது எனக்குப் பழக்கம்தான். நீ பெங்களூரிலிருந்து வந்த அன்றைக்கும் நான் சோறு வைத்துவிட்டுச் சும்மாதான் உள்ளே போனேன்.

ஆனால் ஒன்று யோசித்தேன். நீ வாசிக்க மாட்டேன் என்றால் அது உன் இஷ்டம். அம்மா உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டாள். ஆனால் வாசிக்க மாட்டேன் என்பதை வாயால் சொல். ரிப்பேர் என்று சொல்லாதே. அந்த நான்கு பேரும் உனக்காக வழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். அவர்களைக் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தாதே. வாசிப்பாய் என்றால், முதலில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள். அவர்கள் நின்று நின்று களைத்தவர்கள் என்பதை நினைத்துக்கொள். அவர்களுடைய தாளத்திலேயே தொடங்கச் சொல், டிரம்ஸ் பையனிடம். பாட்டை முழுதாக ஒரு தடவை காட்டு. பிறகு போ. கொஞ்சம் போய், திரும்பி வந்து முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடியும் போ. கூவினால் கூவட்டும். கூவலுக்கு நடுவில் நிறுத்தாதே, இறங்கி இறங்கி வந்து முடி. முடித்த பிறகு நீ மேடையை விட்டு ஓடினாலும் பரவாயில்லை. உன் முதுகில் வைக்க அம்மாவின் கை இல்லை. என் கை அவ்வளவு தூரம் நீளுமா என்று எனக்குத் தெரியாது.

எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

மிச்சத்தைத் தக்கலை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைய சப்பரத்துக்கான மாலைகளைக் கட்டிமுடித்துக் கோயிலில் கொடுத்துவிட்டேன். சாக்ஸை அம்மாவின் நீலச் சேலையில் சுற்றி, ஊதுவாய், ரீடு, பட்டையோடு பூக் கொண்டுபோகும் பெரிய பையில் வைத்திருக்கிறேன். வாய்ப்பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, "இது என்ன பிள்ளே, கொளாயா?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டிவிட்டேன். கொளாய் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். இது நல்ல கனம். பைப்பிடி வலது தோளை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இடது பக்கம் சரிந்துதான் நடந்து வந்தேன். அப்பா சொன்னதுபோல ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன். பஸ் இன்னும் வரவில்லை. திருவனந்தபுரத்தில் எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து புரோகிராம் நடக்கும் மைதானத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்டால் நீ வர வேண்டாம் என்பாய்.

முந்தைய வரியை எழுதியதும் பேனாவை மூடி மடியில் வைத்தேன். போனை எடுத்து, சொல்ல வேண்டியதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, சுனில் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஹலோ சொல்வதற்குள் சொல்லிவிட்டேன்: "நான் ஜெரினுக்க தங்கச்சி. சாக்ஸ் எங்கையிலதான் இருக்கு, கொண்டு வாறேன். எங்க எறங்கணும்?"